பாலிஷ் போட்ட எடைகள்

பிப்ரவரி 9

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் என் தோளைத் தலையணையாக்கி வழிநெடுகத் தூங்கினார் என்பதைத் தவிர வேறு குறையில்லை. இங்கே சுரங்கப்பாதை நான் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே நிற்கிறது. நான் இல்லாமல் இங்கே ஒரு வேலையும் நகராது என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

இந்த மலைக்குள் கைபேசி வெறும் டார்ச்லைட்தான். ஆபீஸ் போனில் பேசினால் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் பழையபடி கடிதம்.

இரண்டு சேதி. முதலாவது, நீ இல்லாத நேரத்தில் உனக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். நீ வங்கிக்குப் போயிருந்த அன்று ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தேன். அந்த மரப்பெட்டிக்குள் உன் எடைக்கற்கள் பழைய சில்லறை மாதிரி மங்கிப் போய்க் கிடந்தன. பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து போகிற இடம், பார்த்தால் என்ன நினைப்பார்கள்? கடையில் பாலிஷ் வாங்கிவந்து ஒவ்வொன்றையும் தேய்த்து, துடைத்து, அதனதன் குழியில் வைத்துவிட்டேன். பொடிசு ஒன்று சோபாவுக்கு அடியில் உருண்டுவிட்டது. துடைப்பத்தைவிட்டு இழுத்தேன். பெட்டியைத் திறந்து பார். கண் கூசும்.

இரண்டாவது, வாசலுக்குப் பலகை எழுதச் சொல்லிவிட்டேன். மேலே உன் தராசுப் பட்டறையின் பெயர். அதற்குக் கீழே உரிமையாளர் என்று என் பெயர். அடுத்து தொழில்நுட்பம் என்று உன் பெயர், பட்டத்தோடு. மே கடைசியில் எனக்கு ஓய்வு. அதற்குப் பிறகு நீ உள்ளே நிம்மதியாகத் தராசு பார். வெளியே பேரம் பேசுகிறவன், பணத்தை இழுத்தடிக்கிறவன் எல்லாம் என் பாடு. இத்தனை வருஷம் தனியாகக் கஷ்டப்பட்டது போதும்.

அப்பாவுக்கு மருந்தை நேரத்துக்குக் கொடு.

உன் முதல் ஊழியன்

*

பிப்ரவரி 16

அன்புள்ள உங்களுக்கு,

மாமா நலம். நான் இருக்கிறேன்.

நீங்கள் இரண்டு முறை ஆபீஸ் போனில் கூப்பிட்டதாக மாமா சொன்னார். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் ‘ம்’ கொட்டுவேன். இந்த விஷயத்துக்கு ‘ம்’ போதாது.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பெட்டியைத் திறந்துவிட்டோம். மருந்துக் கம்பெனியின் தராசுகள் மேஜைக்கு வந்திருந்தன. என் உதவியாளர் கண்ணாடிக்காரி இடுக்கியை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தவள், இடுக்கியைக் கீழே வைத்துவிட்டாள். “மேடம், யாரோ பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சிருக்காங்க” என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே உதவி செய்கிறவர் இந்த வீட்டில் ஒருவர்தான். பிறகு உங்கள் கடிதம் வந்தது. துடைப்பம் வரைக்கும் படித்துவிட்டு மடித்து வைத்தேன். மிச்சத்தை மறுநாள் படித்தேன்.

உங்களுக்கு இதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். இன்னொரு தடவை சொல்கிறேன். நம்மிடம் வருகிற தராசுகள் சரியா தப்பா என்று சொல்வது அந்த எடைகள்தான். அவற்றை விரலால் தொடக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்க்கும் எடை உண்டு. எடை பார்க்கும்போது மின்விசிறி ஓடக்கூடாது, கதவு திறக்கக்கூடாது. நீங்கள் ‘ஆபரேஷன் தியேட்டர்’ என்று கேலி செய்வீர்களே, அத்தனை கட்டுப்பாடும் இதற்காகத்தான். மங்கல் அவற்றின் வயது. அந்த மங்கலோடு சேர்த்துத்தான் அவற்றின் எடை எழுதப்பட்டிருக்கிறது. பாலிஷ் என்பது ஒரு மெல்லிய அரம். நீங்கள் எவ்வளவு எடையைத் தேய்த்து எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு நான் யாருக்கும் சான்று எழுத முடியாது.

எல்லா வேலையையும் நிறுத்திவிட்டேன். எடைகளை அரசுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே அளந்து திரும்பி வர ஏப்ரல் ஆகிவிடும். மருந்துக் கம்பெனிக்கு ஆய்வாளர்கள் வருவது மார்ச்சில். நம் வருமானத்தில் பாதி அந்தக் கம்பெனி என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “சின்ன வயசிலேர்ந்தே இப்படித்தான்மா. கெட்டுப்போகாததை ரிப்பேர் பண்ணுவான்” என்றார். இன்னமும் பட்டறை இருக்கும் கூடத்தைத் தாண்டிப் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார். வேலையே நடக்கவில்லை, தாராளமாக மூச்சு விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பலகையை நிறுத்தச் சொல்லுங்கள். நான் அதைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

பிப்ரவரி 24

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு (கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும் என்ற நம்பிக்கையில்),

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் படித்தபோது யாரையோ கொலை செய்துவிட்டேனோ என்று பயந்துபோனேன். புருஷன் ஒரு பாத்திரம் கழுவுவதில்லை என்று ஊரில் பெண்கள் அலுத்துக்கொள்கிறார்கள். கழுவிய பாவத்துக்கு எனக்குக் குற்றப்பத்திரிகை.

சரி, தப்புதான். தெரியாமல் செய்துவிட்டேன். ஆனால் எவ்வளவு தேய்ந்திருக்கும்? ஒரு கொசுவின் கால் அளவு இருக்குமா? அதற்காகப் பட்டறையையே இழுத்து மூடுவார்களா? நான் இங்கே மலையைக் குடைகிறேன். ஒரு முழம் முன்னே பின்னே போனால் யாரும் செத்துவிடுவதில்லை.

நீ கவலைப்படாதே. மருந்துக் கம்பெனி மேலாளரிடம் நானே பேசிவிட்டேன். மனுஷன் பதறினான். வேலைக்கு இருக்கிற பொண்ணு தெரியாமல் தேய்த்துவிட்டாள், மேடம் அவளைக் கண்டித்துவிட்டார், சொன்ன தேதிக்குச் சான்று வந்துவிடும் என்று சொல்லி அடக்கி வைத்திருக்கிறேன். வேலைக்காரர் மேல் போட்டால் விஷயம் சின்னதாகிவிடும். உன் பெயரும் கெடாது, என் பெயரும் கெடாது. நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. எந்த ஆய்வாளன் வந்து கொசுக்காலை நிறுக்கப் போகிறான்?

ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதே. வீட்டின் கூடத்தையே உனக்கு விட்டுக்கொடுத்தேன். என் தம்பி குடும்பத்தோடு வந்தால் சமையலறையில் உட்காரவைத்துப் பேசுகிறோம். கோடையில் விருந்தாளிகள் விசிறி இல்லாமல் வியர்த்து ஊற்றுகிறார்கள். தம்பி ஒருநாள் ‘அண்ணே, இது உன் வீடா, உன் பெண்டாட்டி கடையா’ என்று கேட்டான். சிரித்து மழுப்பினேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னேனா? நான் கொடுக்கிற சுதந்திரத்தை எவன் கொடுப்பான் என்று என் சிநேகிதர்கள் எல்லாம் சொல்கிறார்கள். உதவி செய்யப் போய் உதை வாங்கியவன் நான் ஒருவன்தான்.

பலகை எழுதி முடித்தாயிற்றாம். அதை மட்டும் ஏன் வேண்டாம் என்கிறாய்?

ஒரு போன் செய். ‘ம்’ சொன்னால்கூடப் போதும்.

உன் முதல் ஊழியன் (தற்காலிகப் பணிநீக்கத்தில்)

*

மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தில் கண்ணாடிக்காரியைப் பற்றிய பகுதியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றியது, அவளுக்குத் தெரியவேண்டும். கேட்டுவிட்டு, “சார் என் பேரைச் சொன்னாரா, வேலைக்கு இருக்கிற பொண்ணுன்னு சொன்னாரா?” என்றாள். பொண்ணு என்றுதான் சொல்லியிருக்கிறார் என்றேன். “அப்ப நான் இல்ல மேடம். எனக்கு நாப்பத்திரண்டு முடிஞ்சிடுச்சு” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். பார்க்க ஒரு வேலையும் இல்லை. காலித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாக அந்த எடைகளை விரல் படாமல் எடுத்து வைத்தவள் அவள்.

அன்றைக்கே நம் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் எழுதினேன். என்ன எழுதினேன் என்று நீங்கள் அடுத்தவர் வாயால் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். ‘எங்கள் மூல எடைகளை என் கணவர் அவற்றின் தன்மை அறியாமல் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட்டார். எங்கள் ஊழியர் யாருக்கும் இதில் தொடர்பில்லை. எடைகள் மறுபடி அளக்கப்படும் வரை எந்தச் சான்றும் தரமாட்டோம். இதற்கு முன் கொடுத்த சான்றுகள் செல்லும்.’ இவ்வளவுதான். உங்கள் பெயரைப் போடவில்லை. கடிதங்களைத் தபாலில் சேர்த்தது மாமாதான். கணவர் என்று மட்டும்தான் இருக்கிறது மாமா, பெயர் இல்லை என்றேன். “இருக்கிறது ஒரே கணவன், பேர் எதுக்கு?” என்றார்.

கொசுக்காலைப் பற்றி. அந்தக் கம்பெனியில் குழந்தைகளுக்கான மாத்திரை செய்கிறார்கள். ஒரு மாத்திரைக்குள் போகிற மருந்து உங்கள் கொசுக்காலைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதை நிறுக்கிற தராசுக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். தெரியாத எடைக்குத் தெரிந்த மாதிரி கையெழுத்துப் போடமாட்டேன். மலையில் ஒரு முழம் முன்னே பின்னே போகலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சுரங்கம் திறந்ததும் அது வழியாகப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இனி சுதந்திரம். கூடத்தை நீங்கள் விட்டுக்கொடுத்தது உண்மை. மறுக்கவில்லை. நல்ல மனதோடுதான் கொடுத்தீர்கள். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. கொடுத்ததை ஒவ்வொரு விருந்தாளிக்கும் நினைவுபடுத்துகிறவர், உண்மையிலேயே கொடுத்துவிட்டாரா?

நீங்கள் விடுப்பில் வரும் நாட்களில் நான் பட்டறையைத் திறப்பதில்லை. கவனித்திருக்கிறீர்களா? நீங்கள் கேட்டதில்லை. நானேதான் மூடினேன். வீட்டுக்கு வந்த மனிதர் பகலில் சேர்ந்து சாப்பிட ஆசைப்படுவார், விசிறிக்கு ஆசைப்படுவார் என்று நானாகவே மூடினேன். இப்போது வாடிக்கையாளர்களே கேட்கிறார்கள், “சார் வர்றாரா? அப்ப நாங்க அடுத்த வாரம் வர்றோம்” என்று. நகைக்கடைக்காரர் அடுத்த வாரம் வரவில்லை. வேறு இடம் பார்த்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் தொழிலின் காலண்டரை உங்கள் விடுப்பு எழுதுகிறது என்றால் அவர் என்ன செய்வார்?

அந்த நாட்களில் போனை நீங்கள் எடுப்பீர்கள். எடுத்தால் சும்மா வைக்கமாட்டீர்கள். கேட்டவருக்கெல்லாம் விலையைக் குறைப்பீர்கள், நாளைக்கே வந்துவிடும் என்பீர்கள். நீங்கள் சுரங்கத்துக்குப் போன பிறகும் கூப்பிட்டு, “சார் இல்லீங்களா?” என்று கேட்பார்கள். நான் இருக்கிறேன் என்பேன். “பரவால்ல, சார் வந்ததும் பேசிக்கறோம்” என்பார்கள். வேதியியல் படித்து, இதே வேலையை இன்னொருவரிடம் கற்று, இந்தக் கூடத்தில் கல்மேஜை போட்டு உட்கார்ந்தவள் நான். அவர்களுடைய சார் எனக்கும் சார்தானா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வந்துவிடுகிறது.

ஊரெல்லாம் நான் கொடுத்துவைத்தவள் என்கிறது. உதவாத கணவன் வாய்த்தவள்மேல் எல்லோருக்கும் இரக்கம் வரும். என்னைப் போன்றவள் வாயைத் திறந்தால் திமிர் என்பார்கள். இருக்கட்டும்.

சான்று போகாது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

மார்ச் 17

மனைவிக்கு,

எங்கள் சிமெண்ட் சோதனைக்கூடத்துக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறாய். அவர்களும் உன் வாடிக்கையாளர் என்பது எனக்கு மறந்துவிட்டது, உனக்கு மறக்கவில்லை. கடிதம் வந்த அன்றே கேண்டீன் வரைக்கும் போய்விட்டது. இப்போது எனக்கு இங்கே ‘பாலிஷ் சார்’ என்று பெயர். நேற்று ஜீப் டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன், என்னைப் பார்த்ததும் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். முப்பது வருஷம் இந்தக் கம்பெனிக்கு வேலை பார்த்தவனுக்கு இதுதான் வழியனுப்பு விழா.

மருந்துக் கம்பெனி மேலாளர் கூப்பிட்டான். நீங்க ஒண்ணு சொன்னீங்க, மேடம் ஒண்ணு எழுதியிருக்காங்க, நான் எதை நம்பறது என்று கேட்டான். “மேடம் எழுதினதுதான்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உனக்கு இது திருப்தியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தில் நீ எழுதியதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். மூடுகிறாய் என்றே எனக்குத் தெரியாது. எனக்காக லீவு போடுகிறாய் என்று சந்தோஷப்பட்டேன்.

ஆனால் எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. முப்பது வருஷம் தகரக் கொட்டகையில் படுத்தவன் நான். என் சம்பளத்தில் கட்டிய வீட்டில், என் கூடத்தில், விசிறியைப் போட்டுக்கொண்டு காலை நீட்டிப் பேப்பர் படிக்கவேண்டும் என்பது பெரிய ஆசையா? பட்டறையை மாடிக்கு மாற்று, அல்லது வெளியே ஓர் இடம் பார்த்துக்கொள். நான் வரும்போது கூடம் கூடமாக இருக்கவேண்டும். இல்லையென்றால் நான் தம்பி வீட்டில் இருந்துகொள்கிறேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதே. எடுத்துக்கொண்டாலும் சரி.

மே 28, வியாழக்கிழமை பகல் வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு

*

மே 19

அன்புள்ள உங்களுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. சொல்வதற்கு முன் சிலவற்றைச் செய்து பார்க்க வேண்டியிருந்தது.

எடைகள் திரும்பி வந்துவிட்டன. சின்னவைதான் அதிகம் தேய்ந்திருக்கின்றன. சோபாவுக்கு அடியில் போனது எது என்று அறிக்கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவற்றின் தரத்தை ஒரு படி இறக்கிவிட்டார்கள். மருந்துத் தராசுக்கு இனி ஆகாது. மளிகைக்கடைத் தராசுக்கு ஆகும். இப்போது என்ன எடையோ அதை எழுதி, வேறு பெட்டியில் வைத்திருக்கிறோம். புது எடைகள் கொண்ட பெட்டி ஒன்று வாங்கினேன். அதன் சாவி ஆணியில் தொங்காது. ஒன்று என்னிடம், ஒன்று கண்ணாடிக்காரியிடம்.

மருந்துக் கம்பெனி இந்த வருஷ வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டது. மேலாளர் மரியாதையாகத்தான் சொன்னார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார், பார்க்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். மருத்துவமனை எங்கும் போகவில்லை. அங்கே சோதனைக்கூடத்தைப் பார்க்கும் அம்மாள் நம் கடிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாராம், அங்கே வேலைக்கு வருகிறவர்கள் படிப்பதற்கு. உங்கள் சிமெண்ட் சோதனைக்கூடமும் நம்மிடம்தான் இருக்கிறது. உங்கள் புகழ் அங்கே நிலைத்துவிட்டது.

நீங்கள் மேலாளரிடம் சொன்ன இரண்டு சொற்களைக் கண்ணாடிக்காரிக்குச் சொன்னேன். “சார் என்கிட்ட நேர்ல சொல்லட்டும்” என்றாள். நியாயம் என்று எனக்கும் பட்டது.

நான் சொல்லியிருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். சொல்லியிருக்கலாம்தான். சொல்லாமல் மூடியது என் பங்கு. அதை இப்போது திருத்திக்கொள்கிறேன்.

மாடியைப் பார்த்தேன். கல்மேஜை அங்கே ஏறாது. ஏறினாலும் மாமா பக்கத்து அறையில் எழுந்து நடந்தால் தராசுமுள் சொல்லிவிடும், தளம் அப்படி அதிர்கிறது. தரையில் நிற்கும் அறை வேண்டும். வெளியேயும் தேடினேன். பழைய அச்சகம் ஒன்றின் பின்பகுதி காலியாக இருந்தது. அழுத்தமான தரை, வடக்கு ஜன்னல், எல்லாம் பொருத்தம். சொந்தக்காரர் தராசுகளைப் பற்றி அரைமணி நேரம் ஆர்வமாகக் கேட்டார். கடைசியில், “சரிங்கம்மா, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. அவர் ஒரு கையெழுத்துப் போட்டார்னா முடிச்சிடலாம்” என்றார். தொழில் என் பெயரில் இருக்கிறது, கையெழுத்து நான்தான் போடுவேன் என்றேன். அவர் சிரித்தார். “போடுங்க, யாரு வேணாம்னது. அவரும் போடட்டும், ஒரு நம்பிக்கைக்கு.” கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெளியே போக உங்கள் கையெழுத்து வேண்டுமாம், உள்ளே இருக்க உங்கள் சம்மதம் வேண்டுமாம். வழியெல்லாம் இதைத்தான் யோசித்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முடிவு செய்துவிட்டேன். இருக்கிற இடத்திலேயே இருப்பேன். பட்டறை கூடத்தை விட்டு நகராது. வீடு உங்கள் சம்பளத்தில் கட்டியது. அந்தச் சம்பளத்தை நீங்கள் மலையில் சம்பாதித்தபோது மாமாவையும் கூரையையும் தண்ணீர்க் குழாயையும் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்டு நான் கணக்கு எழுதப் போவதில்லை. எழுதினால் இரண்டு பேருக்கும் அசிங்கம்.

பலகை வந்தது. எழுதுகிறவரே தூக்கிக்கொண்டு வந்தார். அழகாகத்தான் எழுதியிருக்கிறார். உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை எழுதச் சொன்னேன். அவர் தூரிகையைத் தொடவில்லை. “சார்தானேம்மா சொன்னாரு? சார் கோச்சுக்க மாட்டாரா?” என்றார். உள்ளேயிருந்து மாமா வந்தார். “கோச்சுக்குவான். நீ எழுது” என்றார். தொழில்நுட்பம் என்ற வரியில் கண்ணாடிக்காரியின் பெயர். அவள் பெயரை முழுதாக எழுத இடம் போதவில்லை, எழுத்தைச் சின்னதாக்க நான் விடவில்லை. பட்டறையின் பெயரைக் கொஞ்சம் மேலே தள்ளினோம். பலகை இப்போது வாசலில் இருக்கிறது.

மாடியில் தெற்கு அறையைக் காலி செய்துவிட்டேன். உங்கள் சாய்வு நாற்காலி அங்கே இருக்கிறது. புது விசிறி. எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் சுற்றலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். விருந்தாளிகளும் இனி அங்கேதான் உட்காருவார்கள், உங்கள் தம்பி உட்பட. தம்பி வீட்டில் இருப்பதுதான் வசதி என்று நீங்கள் நினைத்தால் தடுக்கமாட்டேன். மாமாவிடம் அதையும் சொன்னேன். “போகட்டும், அவன் வீட்லயும் கெட்டுப்போகாதது நிறைய இருக்கு” என்றார். சொல்லிவிட்டு, மாடி விசிறி ஓடுகிறதா என்று தானே ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

நீங்கள் வந்தால், மே 28 வேலை நாள். மருத்துவமனைத் தராசுகள் அன்று மேஜையில் இருக்கும். பக்கவாட்டுப் படிக்கட்டில் ஏறிப் போங்கள். சாப்பாடு மாடியில் மூடி வைத்திருக்கும், மாமா உங்களோடு சாப்பிடுவார். ஐந்தரைக்கு வேலை முடிந்ததும் நான் மேலே வருவேன். அதற்கு முன் கூடத்துக் கதவைத் தட்டவேண்டாம்.

இத்தனை வருஷம் நீங்கள் வந்த நாளெல்லாம் பட்டறையை மூடினேன். அந்த வியாழக்கிழமை மூடப்போவதில்லை.

இப்படிக்கு,
முதலாளியம்மா